இது என்ன மரம்?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களாகிய எங்களைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்றுதான் பேசுவோம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நீரிழிவு இன்றும் வரும். ஆனால் அதற்கு முன் ஒரு மரத்துண்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பெயர் தெரியாத ஒரு மரத்துண்டு கையில் கிடைத்தால் அது என்ன மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது தெரிந்துதான் ஆக வேண்டுமா? இந்த இரண்டு கேள்விகளும்தான் இன்றைய பேச்சு.

மரம் அறியாதவர்கள் அல்ல நாம். குடாநாட்டின் பழைய வீடொன்றுக்குள் போனால் கூரையில் பனஞ்சிலாகையும் பனை வளையும் இருக்கும். கதவும் நிலையும் வேம்பாகவோ பலாவாகவோ இருக்கும். வசதியான வீடென்றால் வன்னியிலிருந்து வந்த முதிரையும் பாலையும் இருக்கும். அப்பு ஆச்சிமாருக்கு இவற்றின் பெயரை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வளவில் நின்ற மரத்தைத் தறித்து, வளவிலேயே அரிந்து, வீட்டிலே பூட்டினார்கள். மரம் நின்றபோதே அதன் இலையும் பூவும் காயும் தெரிந்திருந்தன. அதனால் பலகையான பின்பும் பெயர் தவறவில்லை.

மரக்காலைக்குப் போகும் அனுபவமுள்ள ஆசாரியார் பலகையைத் தூக்கிப் பார்ப்பார். பாலை என்றால் பாரம் சொல்லிவிடும், தண்ணீரில் போட்டால் தாழும். சீவுளியால் ஒரு இழை சீவி முகர்ந்து பார்ப்பார். முதிரை மஞ்சளாக, பட்டுத்துணிபோல மினுங்கும். பலா அரிந்த புதிதில் மஞ்சளாக இருந்து நாள்பட நிறம் இருளும். பூவரசின் வைரம் கருஞ்சிவப்பாக இருக்கும். இவ்வளவும் பார்த்த பின், பலகையின் முகப்பைவிட அதன் வெட்டுமுனையைத்தான் அவர் உற்றுப் பார்ப்பார். அறிவியலும் அங்கேதான் பார்க்கிறது.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில், நுணுக்குக்காட்டியின் சிறு கண்ணாடியை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, சவர அலகால் தண்டைக் குறுக்கே மெல்லச் சீவி, சஃப்ரனின் சாயமிட்டுப் பார்த்தோம். ஒருவித்திலைத் தண்டில் கலன்கட்டுகள் சிதறிக் கிடந்தன. இருவித்திலைத் தண்டில் வளையமாக நின்றன. பரீட்சைக்காகப் படித்த அந்த வித்தியாசம் நம் வீட்டுக் கூரையிலேயே இருந்தது. பனை ஒருவித்திலைத் தாவரம். அதன் வெட்டுமுனையில் ஆண்டு வளையமோ கதிரோ கிடையாது, கரிய நார்க்கட்டுகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவை வெளிப்புறத்தில் நெருங்கியும் உள்ளே ஐதாகவும் இருப்பதால்தான் பனையில் வைரம் வெளியே, சோத்தி உள்ளே. வேம்பிலும் முதிரையிலும் இது தலைகீழ், வைரம் நடுவில் இருக்கும். ஒரு துண்டு மரம் பனையா இல்லையா என்று சொல்ல ஒரு விநாடி போதும்.

இருவித்திலை மரங்களுக்குள் எது என்று சொல்லக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கூரிய அலகால் வெட்டுமுனையைச் சுத்தமாகச் சீவி, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பார்த்தால் சிறு துளைகள் தெரியும். அவை மரம் நீர் குடித்த கலன்கள். அவை தனித்தனியா, சேர்ந்து சேர்ந்தா, பெரிதா, சிறிதா? அவற்றைச் சுற்றி வெளிறிய புடைக்கலவிழையம் வளையமாக நிற்கிறதா, இறகு விரித்ததுபோல் பக்கவாட்டில் நீள்கிறதா, பட்டிபட்டியாக ஓடுகிறதா? நடுவிலிருந்து வெளியே போகும் கதிர்கள் மெல்லியவையா, தடித்தவையா? இதற்கும் மேலே போக வேண்டுமானால் ஆய்வுகூடத்தில் குறுக்கே, ஆரைவழியே, தொடலிவழியே என்று மூன்று பக்கமும் மெல்லிய சீவல் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். உலகெங்கும் மர உடலமைப்பு அறிஞர்கள் ஒரே சொற்களால் பேச வேண்டும் என்பதற்காக அவர்களுடைய சர்வதேசச் சங்கம் 1989இல் வெளியிட்ட பட்டியலில், இலையகன்ற மரங்களுக்கு மட்டும் 163 உடலமைப்பு அடையாளங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என்று விடை எழுதிக்கொண்டு போனால், கடைசியில் சில பெயர்களே மிஞ்சும்.

நோயாளியின் இழையத்தை வெட்டி அனுப்பிவிட்டு நோயியல் அறிக்கைக்குக் காத்திருப்பதும் இதே வேலைதான். வெளித்தோற்றம் சந்தேகத்தைத் தரும், வெட்டுமுகமே விடையைத் தரும்.

வைத்தியருக்கு மரத்தின் பெயர் எதற்கு என்று கேட்கலாம். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்பது தளபாடம் செய்யும் ஊர். 1960களில் அங்கு காது, மூக்கு, தொண்டை சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற பெண்மணி, மூக்கின் உட்பகுதியில் வரும் அரிதான ஒருவகைப் புற்றுநோய் தம்மிடம் அடிக்கடி வருவதைக் கவனித்தார். வந்தவர்களில் பலர் கதிரை, மேசை செய்பவர்கள். அவரும் உடன் ஆய்வாளர்களும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்டனர். வன்மரத் தூளுக்கும் அந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு உலகுக்குத் தெரிந்தது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. “என்ன தொழில்?”, “என்ன மரம்?” என்ற இரண்டு கேள்விகளும் அந்தப் பெண்மணியின் குறிப்பேட்டில் இருந்ததால் வந்த பயன் இது. நம் முதிரைத் தூளும் சிலருக்குத் தோலில் கடியையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். கைநிறையச் சொறியோடு வரும் தச்சுத் தொழிலாளிக்குக் களிம்பு எழுதுமுன் நாமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இனி நம் கிளினிக் மேசைக்கு வருவோம். இப்படியான உரையாடல் எங்களுக்குப் பழகிப்போனது.

“அம்மா, இது என்ன மரம்?”

“வேங்கை எண்டு சொல்லித்தான் பிள்ளை தந்தவை. மகள் கனடாவுக்குத் திரும்பிப் போக முதல் வாங்கித் தந்திட்டுப் போனவள்.”

“கடைக்காரர் வேறை என்ன சொன்னவர்?”

“இரவு தண்ணி ஊத்தி வைச்சுக் காலமை குடிச்சால் குளிசை தேவையில்லையாம்.”

“குளிசையை நிப்பாட்டிட்டீங்களோ அம்மா?”

“நிப்பாட்டேல்லைப் பிள்ளை. பாதியாக் குறைச்சுப் போட்டன்.”

மேசையில் இருப்பது ஒரு மரக்குவளை. இலை இல்லை, பூ இல்லை, பட்டை இல்லை. ஆசாரியாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார், ஏனென்றால் நம் சுண்ணாம்புக்கல் மண்ணில் நிற்கிற மரமல்ல அது. நம் ஊர் அறிவு நம் ஊர் மரங்களோடு நின்றுவிடுகிறது. தெற்கிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ கடைந்து மெருகேற்றி வரும் குவளைக்கு விற்பவரின் வாய்ச்சொல்லே பிறப்புச் சான்றிதழ்.

இலங்கையில் நீரிழிவுக்கென்று விற்கப்படும் குவளைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று வேங்கை, சிங்களத்தில் கம்மாலு, தாவரவியலில் டெரோகார்பஸ் மார்சூப்பியம். வெட்டினால் இரத்தம்போலச் சிவந்த பால் வடியும் பெருமரம். மற்றது சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு எனப்படும் சலேசியா ரெட்டிக்குலேட்டா. அது மரமே அல்ல, காட்டில் படரும் ஒரு கொடி. அதன் தடித்த தண்டையும் வேரையுமே மருந்துக்கு எடுப்பார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம், உள்ளிருக்கும் இரசாயனமும் வேறு.

கொத்தல ஹிம்புட்டிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இலும் 1998இலும் இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்றின் பெயர் சலாசினோல், மற்றதன் பெயர் கொட்டலனோல். இரண்டாவது பெயருக்குள் நம் நாட்டுச் சொல்லே இருக்கிறது. மாப்பொருள் குடலில் சீனியாக உடைவதை இவை தாமதப்படுத்துகின்றன. இந்த மூலிகை சேர்ந்த தேநீரை 51 நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துச் செய்த இலங்கை ஆய்வொன்று 2005இல் வெளியானது. தேநீர் குடித்த மூன்று மாதங்களில் அவர்களின் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி குறைந்தது. வேங்கையைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக நோய் கண்ட 97 பேரில் 67 பேருக்குப் 12 வாரத்தில் சீனி கட்டுப்பட்டது. ஆனால் அதில் மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழு இருக்கவில்லை.

ஆகவே இவற்றை வெறும் கதை என்று நாங்கள் தள்ளிவிடவில்லை. ஆனால் கவனியுங்கள். அந்த ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது பெயர் உறுதியான மூலிகை, அளந்த அளவு, பக்கத்தில் வைத்தியர். கடைக் குவளையில் பெயரும் தெரியாது, அளவும் தெரியாது. முதல் வாரம் நீர் கடுநிறமாக இருக்கும், மாதம் போகப் போக வெளிறும். அன்றைக்குக் குடித்ததும் இன்றைக்குக் குடிப்பதும் ஒரே மருந்தல்ல.

ஒரே பெயரில் இரண்டு மரங்கள் உலவிய கதை உலகத்துக்குப் புதிதல்ல. 1565இல் ஸ்பெயினின் செவில் நகர வைத்தியர் நிக்கோலாஸ் மொனார்டெஸ், மெக்சிக்கோவிலிருந்து வந்த ஒரு மரத்தைப் பற்றி எழுதினார். சிறுநீரக நோய்க்கு அதன் சீவலை நீரில் ஊறவைத்துக் குடித்தார்கள். அந்த நீர் வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்ந்தது. நீலம் வந்தால் நல்ல மரம், வராவிட்டால் போலி என்று வாங்குபவர்கள் சோதித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கிர்ச்சர் என்ற யேசுசபைக் குரு தமக்குப் பரிசாகக் கிடைத்த அந்த மரக்குவளையைப் பேரரசருக்குக் கொடுத்தார். 1664இல் றொபேட் பொயில் அமிலம் சேர்த்தால் அந்த நீலம் மறைவதையும் காரம் சேர்த்தால் திரும்புவதையும் எழுதிவைத்தார். இவ்வளவும் தெரிந்தும், அது என்ன மரம் என்பது மட்டும் மூன்றரை நூற்றாண்டு தெளிவாகவில்லை.

1915இல் சஃபோட் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் முடிச்சை அவிழ்த்தார். மரம் ஒன்றல்ல, இரண்டு. சீவலாக வந்தது மெக்சிக்கோவில் வளரும் ஒரு சிறு மரம். குவளையாக வந்தது பிலிப்பைன்ஸ் நாட்டின் ஒரு பெருமரம். ஸ்பானியக் கப்பல்கள் மணிலாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே ஓடியதால் இரண்டும் ஒரே பெயரில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. பெருங்குவளை கடையும் அளவுக்கு அந்தச் சிறு மரம் பருப்பதில்லை என்ற எளிய உண்மையே ஒரு தடயமாக இருந்தது. அந்தப் பிலிப்பைன்ஸ் மரம் டெரோகார்பஸ் இண்டிகஸ். நம் வேங்கையின் சாதியைச் சேர்ந்தது, ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம்.

இந்தக் கதையிலிருந்து நம் குவளைக்கு மூன்று பாடம் உண்டு.

முதலாவது, அளவைப் பாருங்கள். கொடியொன்றின் தண்டில் அகன்ற குவளை கடைவது எளிதல்ல. கொத்தல ஹிம்புட்டு என்று சொல்லி வாயகன்ற பெரிய குவளையை மலிவாகத் தந்தால், “எவ்வளவு பருத்த தண்டு?” என்று கேளுங்கள்.

இரண்டாவது, நிறத்தைப் பாருங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். வேங்கைச் சீவல் ஊறிய நீர் மஞ்சள் கபிலமாக இருக்கும். வெயிலில், கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் நீலச் சாயல் தெரியும். காரத்தன்மை இதற்கு உதவுவதால் நம் கிணற்று நீர் பொருத்தமானது. இளஞ்சிவப்பாக வந்தால் பதிமுகம் போன்ற வேறொன்றாக இருக்கலாம், சாயம் பூசியதாகவும் இருக்கலாம். நீலம் வந்தாலும் அதை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, வெட்டுமுகத்தைப் பாருங்கள். குவளையின் அடியில் சிறிது சீவி வில்லையால் பார்த்தால், வேங்கையில் துளைகளைச் சுற்றிய வெளிறிய பகுதி இறகுபோல நீண்டு அலையலையாக ஓடும். பக்கவாட்டில் கதிர்கள் அடுக்கடுக்காக நிற்பதால் குளத்து நீர் சிற்றலைபோல மெல்லிய வரிகள் தெரியும். வில்லையில் தெளிவு கிடைக்காவிட்டால் அனுப்பக்கூடிய இடங்கள் நாட்டில் உண்டு. நாவின்னையில் உள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் ஒன்று, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரக் களஞ்சியம் இன்னொன்று. மரத்தை மட்டும் பார்த்துப் பெரும்பாலும் சாதிவரைதான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு மேலே போக, பெயர் உறுதியான மாதிரித் துண்டு ஒன்று ஒப்பிடக் கையில் இருக்க வேண்டும்.

பெயர் மாறினால் என்ன ஆகும்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அங்கொஸ்தூரா என்ற தென்னமெரிக்கப் பட்டையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார்கள். அதனோடு வேறொரு பட்டை கலந்து வந்தது. குடித்தவர்கள் வலிப்புக் கண்டார்கள், சிலர் இறந்தார்கள். 1819இல் பிரான்சில் பெலத்தியேயும் கவெந்துவும் அந்தப் போலிப் பட்டையிலிருந்து ஒரு நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அது புரூசியா என்ற செடியின் பட்டை என்று எண்ணி, நஞ்சுக்குப் புரூசின் என்று பெயரிட்டார்கள். உண்மையில் அது நம் நாட்டிலும் உள்ள எட்டி மரத்தின் பட்டை. பிழையாக இட்ட அந்தப் பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் அப்படியே இருக்கிறது.

இது அந்தக் காலத்துச் சங்கதி என்று விட முடியாது. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை எடுத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. பெரும்பாலானவர்கள் பெண்கள். ஒரு வேருக்குப் பதிலாக, சீன மொழியில் கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட அரிஸ்டோலோக்கியா வேர் வந்து சேர்ந்திருந்தது. நம் தரிசு நிலங்களில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையும் அந்தச் சாதிதான். சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கும் நீரிழிவு நோயாளிக்குப் பெயர் தெரியாத எந்தக் கசாயமும் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

ஆகவே சில வேண்டுகோள்கள். ஊருக்கு வரும் சகோதரிகள் அம்மாவுக்கோ மாமிக்கோ குவளை வாங்கிக் கொடுத்தால், என்ன மரம், எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். விற்பவருக்கே பெயர் தெரியாவிட்டால் அதைப் பூச்செண்டு வைக்க வாங்குங்கள், குடிக்க வேண்டாம். குடிப்பவர்கள் கிளினிக்குக்குக் குவளையையும் கொண்டு வாருங்கள். நாங்கள் ஏச மாட்டோம். குளிசையையோ ஊசியையோ தாமாகக் குறைக்க வேண்டாம். குளிசையோடு சேர்த்துக் குடித்துச் சீனி அளவுக்கு மீறி இறங்கினால் தலைச்சுற்றும் வியர்வையும் மயக்கமும் வரும். அப்போது உடனே இனிப்பு எடுத்துவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். ஈரக்குவளையில் பூஞ்சணம் பிடித்தால் எறிந்துவிடுங்கள்.

கடைசியாக, நூற்றாண்டை ஒட்டி ஒரு யோசனை. மண்டபமும் கணினி அறையும் கட்டச் சங்கம் உழைத்திருக்கிறது. அதோடு செலவு குறைந்த ஒரு பெட்டியையும் உயிரியல் ஆய்வுகூடத்துக்குக் கொடுப்போம். பனை, வேம்பு, பூவரசு, இலுப்பை, பலா, புளி, வாகை, முதிரை, பாலை என்று உள்ளங்கை அளவு மரத்துண்டுகள். ஒவ்வொன்றும் இலையும் பூவும் பார்த்துப் பெயர் உறுதி செய்த மரத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், தாவரவியற் பெயர், எடுத்த ஊர், எடுத்த திகதி ஆகியவற்றைத் துண்டிலேயே எழுதிவிடலாம். மரம் தறிக்கிற வீட்டார் ஒரு துண்டை ஒதுக்கித் தந்தால் போதும். கூடவே பத்துக் கைவில்லைகள். உலகின் பெரிய மரக் களஞ்சியங்களும் இப்படிப் பெயரெழுதிய துண்டுகளால்தான் நிறைந்தன.

இன்றைக்குப் பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அந்தப் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டின் முனையைச் சீவி, வில்லையைக் கண்ணோடு வைத்துப் பார்க்கட்டும். நாளைக்கு அவளுடைய அம்மம்மாவுக்கு யாராவது ஒரு குவளையை நீட்டும்போது, “இது என்ன மரம்?” என்று கேட்க அவளுக்குத் தெரிந்திருக்கும்.